நாகு வாசலைத் தாண்டிய படம்

போன மாதம் நஸ்ரின் போன் செய்தாள். தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த கல்விப் படப் பிரிவில் இப்போது கம்ப்யூட்டரில் வரைகிற பெண். அதிராம்பட்டினத்துக்காரி. வாய் கொஞ்சம் நீளம், அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

"மேடம், மதகடிப் பட்டாளத்தைப் புதுசா பண்றோம்ல, பழைய படத்துல ஒரு தப்பு கண்டுபுடிச்சிருக்கேன்," என்றாள். "நாகு எல்லாப் படத்துலயும் ஒரே மாதிரிதான் நடக்குறான். இடி மின்னல் பாடத்துல மட்டும், குணா வீட்டுக்குள்ள போறப்ப, வேற மாதிரி நடக்குறான். நிலைப்படிகிட்ட கொஞ்சம் நிக்கிறான். அப்புறம் நிமிந்துக்கிட்டுப் போறான். கம்ப்யூட்டர் அதப் பிழைன்னு காட்டுது. சரி பண்ணிடவா?"

"கைய வச்சுப் பாரு. கும்பகோணத்துலேர்ந்து பஸ் ஏறி வந்து முதுகுல ரெண்டு வைப்பேன்," என்றேன்.

சிரித்தாள். "அப்ப ஏன்னு சொல்லுங்க."

போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மதகடிப் பட்டாளம் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்காக நாங்கள் கையால் வரைந்து எடுத்த கார்ட்டூன் தொடர். வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் ஒரு தெரு. அந்தத் தெருவில் குணா, நாகு, மும்தாஜ், ஸ்டெல்லா என்று நாலு பிள்ளைகள். நாகு எங்கே போனாலும் கூடவே ஓர் ஆட்டுக்குட்டி. பள்ளிக்கூடம் விட்டதும் நாலு பேரும் மதகின் மேல் ஏறி உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், ராசியாவார்கள். அதற்குள் கழித்தல் கணக்கோ, கொசு எங்கே முட்டையிடும் என்பதோ, திசை கண்டுபிடிப்பதோ பார்க்கிற பிள்ளையின் மண்டைக்குள் போயிருக்கும். பாடம் நடத்துவது தெரியக் கூடாது என்பதுதான் எங்கள் பிரிவின் முதல் சட்டம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை சின்னது. கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் வயலில் நடவு, களை, அறுப்பு என்று உழைத்தவர்கள். எங்கள் தெருவுக்குப் பெயர் கீழத்தெரு. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊர்களில் 'எந்தத் தெரு' என்று ஒருவர் கேட்டால், என்ன சாதி என்று கேட்கிறார் என்று அர்த்தம். பள்ளிக்கூடச் சுவரில் கரியால் கிறுக்கி அடி வாங்கியவள், கும்பகோணத்தில் ஓவியம் படித்தேன். மனுப் போட்டேன், வேலை கிடைத்தது. சேர்ந்த புதிதில் மற்றவர்கள் வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவில் வருகிற படங்களைப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு நாகுவை முழுசாக என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ஆட்டுக்குட்டி இனாம்.

எங்கள் தலைவர் அமலதாஸ் சார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை என்று சில சமயம் தோன்றும். ஒரு படம் பிடித்திருந்தால் "ம்" என்பார். பிடிக்காவிட்டால் "பாப்போம்" என்பார். 'பாப்போம்' வந்துவிட்டால் அந்தப் படத்துக்குக் கருமாதி செய்துவிட்டு வேறு வரைய வேண்டியதுதான். புதிதாக வந்தவர்கள் இது தெரியாமல், சார் பார்க்கிறேன் என்றாரே என்று நம்பிக்கையோடு காத்திருப்பார்கள். நாங்களும் சொல்ல மாட்டோம்.

அவர் எங்களுக்குக் கொடுத்த பெரிய சொத்து, படத்தைச் சோதிக்கும் முறை. தொடர் ஒளிபரப்பாகுமுன் டிவிப் பெட்டியையும் வீடியோவையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். சார் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்ப்பார். "படம் நமக்குத் தெரிஞ்சதுதான, மூஞ்சியத்தான் பாக்கணும்," என்பார். வாய் பிளந்திருந்தால் நல்லது. சன்னலைப் பார்த்தால் சுமார். ஒரு பிள்ளை முட்டியைச் சொறிந்தது என்றால் அந்த இடத்தை வெட்ட வேண்டும். நாங்கள் எத்தனை நாள் கண் எரிய எரிய வரைந்த காட்சியாக இருந்தாலும் சரி, முட்டிதான் தீர்ப்பு. எனக்குப் பிடித்த ஒரு தும்பி பறக்கும் காட்சி அப்படித்தான் போயிற்று. முட்டியைச் சொறிந்த பையனுக்கு நிஜமாகவே கொசுக்கடி என்று நான் வாதாடிப் பார்த்தேன். பாப்போம் என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. கையால் வரைகிற காலத்தில் ஒரு பிள்ளை நாலு எட்டு நடக்க வேண்டுமானால் கட்டுக் கட்டாகப் படம் வேண்டும். நிற்க வைத்துவிட்டால் உடம்புக்கு ஒரே படம், வாய் மட்டும் அசைந்தால் போதும். அதனால் அடிக்கடி தேவைப்படும் படங்களை ஒரு பெட்டியில் பத்திரப்படுத்தி, திரும்பத் திரும்ப எடுத்துப் பயன்படுத்துவோம். அதற்குப் 'பழையசோத்துப் பெட்டி' என்று பெயர் வைத்திருந்தோம். அந்தப் பெட்டியில் அதிகம் அடிபட்ட பழைய சோறு, குணா வீட்டு வாசலில் நாகு ஆட்டோடு நிற்கும் படம். காரணம் ஆடுதான். அதன் நாலு காலையும் நடக்க வைத்து வரைவதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஆட்டோடு வீட்டுக்குள் போக முடியாது. எனவே மற்ற மூன்று பேரும் குணா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்கள், நாகு வாசலில் நின்றபடி பேசுவான். நோகாமல் நோன்பு கும்பிடுகிற வழி. எங்களில் ஒருவருக்கும் அதில் எதுவும் உறுத்தவில்லை.

கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கழித்தல் பாடத்தைப் போட்டுக் காட்டினோம். முட்டிகள் எல்லாம் சும்மா இருந்தன. சார் முகத்தில் திருப்தி. முடிந்ததும் வழக்கம்போல, "யாராவது ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். தேன்மொழி என்று பெயர். முன்பல் இரண்டும் விழுந்து, இன்னும் முளைக்கவில்லை.

"சார், இவங்கள்லாம் எந்தத் தெரு?"

"எல்லாரும் ஒரே தெருதாம்மா. மதகடித் தெரு."

வகுப்பே சிரித்தது. சாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றுமறியாத பெரியவருக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுமையோடு தேன்மொழி சொன்னாள்: "இல்ல சார். குணா மேலத்தெரு. நாகு எங்க தெரு."

"எப்படிம்மா சொல்ற?"

"அவன் வாசல்லதான சார் நிக்கிறான். உள்ள வரமாட்டான்ல."

அவள் குரலில் அழுகை இல்லை, குறையும் இல்லை. எங்கள் தெருப் பிள்ளை டிவியில் வந்துவிட்டான் என்கிற பெருமைதான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வெளியே போய் வேனுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

திரும்பும் வழியில் சார் கேட்டார்: "வசந்தா, நீ இத கவனிச்சியா?"

"இல்ல சார்."

பொய்யில்லை. அம்மா கூட எத்தனையோ மேலத்தெரு வாசல்களில் நின்று வளர்ந்தவள் நான். உள்ளே வா என்று ஒரு குரலும் வந்ததில்லை, அதை எதிர்பார்க்கவும் எனக்குத் தோன்றியதில்லை. வரையும்போது கோடு சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேனே தவிர, நிற்பவன் ஏன் நிற்கிறான் என்று பார்க்கவில்லை. ஆட்டுக்கால் வரையச் சோம்பல்பட்டு நாங்கள் செய்த வேலை, ஊர் நடப்போடு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு.

மறுநாள் சாரிடம் போய், "நாகு வாசல்லயே நிக்கிறதா இருந்தா நான் இனிமே அவன வரைய மாட்டேன் சார். உள்ள கூப்பிடுங்க, இல்லன்னா வேற யாருகிட்டயாச்சும் குடுங்க," என்றேன். நான் அப்படிப் பேசியது எனக்கே ஆச்சரியம்.

விஷயம் மேலதிகாரி காதுக்கும் போயிருந்தது. அவர் கெட்டவர் இல்லை, வம்புக்குப் பயந்தவர். எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து, "இதுக்கு ஏன் இவ்வளவு யோசன? வீட்ட வரையறதாலதான எந்தத் தெருன்னு கேக்குறாங்க? இனிமே வீடே வேணாம். மதகு, மரம், வாய்க்கால் போதும். கழித்தல் சொல்லித் தர்றதுக்கு எதுக்குங்க வீடு?" என்றார்.

எனக்குக் கொதித்தது. நாகுவுக்கு ஒரு வாசலைத் திறந்துவிடச் சொன்னால், ஊரில் உள்ள வீட்டையெல்லாம் இடித்துவிடுகிறேன் என்கிறார். நான் சாரைப் பார்த்தேன். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பாப்போம்," என்றார்.

என்னைப் பார்த்துச் சொன்னதாகத்தான் நினைத்தேன். நாகு கதை முடிந்தது, வாசலும் போய் வீடும் போய் மரத்தடியில் நிற்கப் போகிறான் என்று வீட்டுக்குப் போனேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. அந்தப் 'பாப்போம்' என்னை நோக்கி வந்ததே இல்லை என்று அடுத்த நாள்தான் தெரிந்தது.

காலையில் சார் என்னையும் அழைத்துக்கொண்டு அதிகாரி அறைக்குப் போனார். அடுத்து எடுக்க வேண்டிய பாடங்களில் இடி மின்னல் இருந்தது. வயலில் வேலை செய்கிறவர்கள் இடி விழுந்து சாகிற ஊர் எங்களுடையது, அது விளையாட்டுப் பாடம் இல்லை.

"சார், இடி இடிக்கறப்ப மரத்தடியில நிக்கலாமா?" என்று கேட்டார்.

"கூடாது."

"மதகு மேல?"

"கூடவே கூடாது."

"வாசல்ல?"

"அதுவும் கூடாதுங்க. வீட்டுக்குள்ள போயிடணும்."

"வீடே வேணாம்னுட்டா பிள்ளைங்க எங்க சார் போவும்?"

அதிகாரி சாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உள்ள போறது பாடத்துக்காகத்தான?" என்றார்.

"பாடந்தான் சார்," என்றார் அமலதாஸ் சார். முகத்தில் ஒரு சுருக்கமும் மாறவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், "ஆட்ட நடக்க விடாத, தூக்கிக்கச் சொல்லு. கால் மிச்சம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பிறகு விளக்கு மேசையில் உட்கார்ந்தேன். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை அது. ஒரு படத்தின் மேல் அடுத்த தாளை வைத்தால் கீழே இருப்பது தெரியும், அதிலிருந்து கொஞ்சம் நகர்த்தி அடுத்ததை வரையலாம். நாகு ஆட்டைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு குணாவோடு ஓடி வருகிறான், படி ஏறுகிறான், நிலையைத் தாண்டுகிறான். வரைந்து முடித்து எல்லாவற்றையும் சேர்த்து விரலால் சரசரவென்று புரட்டிக் காட்டினேன். சார் பார்த்தார். மறுபடி புரட்டச் சொன்னார்.

"எதுக்குக் குனியிறான்?"

நான் பார்த்தேன். நிலையைத் தாண்டும் இடத்தில் நாகு தலையையும் தோளையும் குறுக்கிக்கொண்டு போனான்.

"உள்ள போறான்ல சார், அதான்."

"நெல எவ்வளவு ஒசரம்? நீதான வரஞ்ச?"

பெரிய நிலை. யானை போகாது, ஆனால் நாகுவைப் போல் இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் போகலாம். என் கை தானாகக் குனிய வைத்திருக்கிறது. சார் தாள்களை மெதுவாக என் பக்கம் தள்ளி வைத்தார். நான் திரும்ப வரைந்தேன். நிலைப்படியில் கொஞ்சம் நிற்கிறான், ஏனென்றால் இதற்கு முன் உள்ளே போனதில்லை. பிறகு நிமிர்ந்து போகிறான். நஸ்ரினின் கம்ப்யூட்டர் பிழை என்று காட்டியது அந்த நடையைத்தான்.

"ம்," என்றார் சார்.

அடுத்த சங்கடம் குரலில் வந்தது. குணாவின் அம்மாவுக்குக் குரல் கொடுத்தவர் சரோஜா அக்கா. டெலிபோன் ஆபீசில் வேலை, தங்கமான மனுஷி. எழுதிக் கொடுத்த வசனம், 'நாகு, உள்ள வா' என்பது மட்டும்தான். முதலில் "உள்ள வாப்பா" என்றார். பெண் பார்க்க வந்தவரை வரவேற்கிற மாதிரி இருந்தது. பிறகு "டேய் நாகு, உள்ள வாடா" என்றார். சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். எங்கள் பக்கம் இந்த 'டா' பொல்லாத எழுத்து. பெற்ற பிள்ளையைச் சொன்னால் செல்லம். மேலத்தெரு வீட்டிலிருந்து கீழத்தெருப் பிள்ளையைச் சொன்னால் அதற்கு வேறு பொருள், அந்த 'டா'வை என் அப்பா நரை விழுந்த பிறகும் வாங்கியிருக்கிறார். அக்கா எப்படி மாற்றிச் சொன்னாலும் ஒன்று விருந்தாளியாகப் போயிற்று, இல்லை வேலைக்காரனாகப் போயிற்று.

நான் கேட்டேன்: "அக்கா, உங்க பையனும் பக்கத்து வீட்டுப் பையனும் மழையில நனஞ்சா எப்படிக் கூப்புடுவீங்க?"

"தனித்தனியாவா கூப்புடுவாங்க? ரெண்டு தடிப் பயலையும் சேத்து வச்சுத்தான் திட்டுவேன்."

"அப்படியே திட்டுங்கக்கா."

அக்கா மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே வீச்சில் சொன்னார்: "டேய் குணா, நாகு! இடி இடிக்குது, காது கேக்கல? அந்த ஆட்டையும் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் உள்ள வாங்கடா!"

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சார் "ம்" என்றார். அந்த 'வாங்கடா'வில் எந்தப் பங்கு குணாவுக்கு, எந்தப் பங்கு நாகுவுக்கு என்று ஒருவராலும் பிரிக்க முடியாது. என் வேலைக்காலத்தில் நான் சொன்ன உருப்படியான யோசனை அது ஒன்றுதான் என்றாலும் எனக்குப் போதும்.

மறுபடி அதே பள்ளிக்கூடம். பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். சார் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார், நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேன்மொழியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பல் பாதி முளைத்திருந்தது. எனக்குப் பின்னால் டிவியில் இடி இடித்தது. சரோஜா அக்காவின் குரல் கேட்டது. நாகு படியேறும் சத்தம் கேட்டது. தேன்மொழி கண் கொட்டவில்லை. திடீரென்று எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், அவன் காலக் கழுவல!"

"ஆமா சார், சேத்துக் காலு!" என்றது ஒரு கூட்டம்.

"மழையிலயே கழுவிட்டுப் போயிருக்கும்டி!"

"மழையில எப்படிடா சேறு போவும்? குணாவும் கழுவல, பாரு!"

"அவங்கம்மா ரெண்டு பேரையும் மொத்தப் போறாங்க!"

வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கு நின்றது. சேற்றுக் கால் கட்சி, மழையில் போய்விட்டது கட்சி. இரண்டு கட்சியிலும் இரண்டு தெருப் பிள்ளைகளும் இருந்தார்கள். எந்தத் தெரு என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. சார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த பாடத்திலிருந்து குணா வீட்டு வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி வரைந்து வைத்தோம், நாலு பேரும் காலைக் கழுவிக்கொண்டு போனார்கள்.

வேனில் ஏறும்போது அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், "இதெல்லாம் படத்துல பாக்க நல்லாத்தான் சார் இருக்கும்," என்றார். "முதல்ல படத்துலயாவது வரட்டுங்க," என்றார் சார். ஒரு கார்ட்டூனால் ஊர் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை, அவ்வளவு பைத்தியம் எனக்கில்லை. ஆனால் அந்தப் படம் பார்த்த பிள்ளைகளுக்கு அந்த வாசல் ஒரு தடவையாவது திறந்தது. எனக்கு அந்த வயதில் அதுகூடக் கிடைக்கவில்லை.

இதுவரைக்கும் எழுதி வைத்திருந்தேன், நஸ்ரினுக்கு அனுப்பவும் செய்தேன். படித்துவிட்டு, நடையில் கை வைக்கவில்லை என்று சொன்னாள். போன வாரம் புதுப் படத்தைச் சோதித்துப் பார்க்கக் கீழ்வேளூர்ப் பக்கம் போனார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். சார் இப்போது இல்லை. அவர் இடத்தில் நான் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். படம் முழுக்க ஒரு முட்டியும் சொறியப்படவில்லை. முடிந்ததும் நஸ்ரின், "யாராவது ஏதாவது கேக்கணுமா?" என்றாள். அந்தப் பழைய கேள்வி வந்துவிடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

ஒரு பையன் எழுந்தான். "மிஸ், எப்பப் பாத்தாலும் நாகுதான் குணா வீட்டுக்குப் போறான். குணா ஏன் நாகு வீட்டுக்குப் போவவே மாட்டேங்குறான்?"

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். இந்தக் கேள்வி இத்தனை வருஷத்தில் சாருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. குணா வீட்டுக்குள் நாகுவை அழைத்துப் போனதே பெரிய காரியம் என்று இருந்துவிட்டோம். இந்தப் பையனுக்கு அது பெரிய காரியமாகவே தெரியவில்லை, அடுத்ததைக் கேட்கிறான்.

"நல்லாக் கேட்ட தம்பி. அடுத்த படத்துல போவான்," என்றேன்.

வேனில் நஸ்ரின் கவலையோடு கேட்டாள்: "மேடம், பழைய பெட்டியில நாகு வீட்டு உள்பக்கம் படம் ஏதாச்சும் இருக்கா? நான் பாத்ததே இல்லையே."

"இல்ல. யாருமே வரஞ்சதில்ல."

"அப்ப உள்ள எப்படி இருக்கும்னு..."

"எனக்குத் தெரியும்," என்றேன்.

இன்று காலையிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறேன். இப்போது எங்கள் தெருவில் எல்லாமே கான்கிரீட் போட்ட மெத்தை வீடு, ஆனால் படத்தில் நாகு வீடு கூரை வீடுதான். எங்கள் அடுப்பு எந்த மூலையில் இருந்ததோ அதே மூலையில் அடுப்பைப் போட்டேன். கூரை ஓட்டை வழியாக வெயில் விழும் இடத்தில் அம்மாவின் சுளகைச் சாத்தி வைத்தேன். ஆட்டுக்குட்டிக்கு ஒரு சாக்கு விரித்தேன். கடைசியில் வாசலுக்கு வந்தேன். கூரை வீட்டுக்கு நிலை எப்போதும் தாழ்வாகத்தான் இருக்கும், உள்ளது உள்ளபடி வரைந்தேன். இந்த வீட்டுக்குள் வர குணா குனிந்துதான் ஆக வேண்டும்.